கழிவு

வேறென்ன மருந்து பாவிக்கிறீங்க என்று
தில்ருக்ஷி மிஸ் சிங்களத்தில் கேட்டார்.
ஒண்ணும் இல்ல மிஸ் என்றேன்.

பொய் இல்லை.
மருந்து என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில்
கடதாசியில் சுருட்டித் தருவது.
பிரஷருக்கு வெள்ளைக் குளிசை, காலையில் பாதி.
லோகேஸ்வரி அனுப்புவது மருந்தா?
அது சத்து.

கட்டாரில்
யாரோ ஒருத்தியின் மூன்று பிள்ளைகளைக்
குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்து
வெள்ளிக்கிழமை அரைநாள் கிடைத்தால்
ஃபார்மசிக்குப் போகிறாள் என் மகள்.
மீன் எண்ணெய், தேன் நிறத்தில்.
பூண்டு, வாசம் இல்லாத பூண்டு.
மூட்டுக்கென்று ஒன்று, இறால் ஓட்டில் செய்வதாம்.
பிறகு மஞ்சள்.
குழம்புக்கே நான் விரல் நுனியால் அளந்து போடுகிற மஞ்சள்
அங்கே கூட்டுக்குள் அடைபட்டு
ப்ளேன் ஏறி வருகிறது.

ராத்திரி எட்டரைக்கு போன்.
குடிச்சியாம்மா?
கமராவுக்கு முன்னால் போத்தலைக் குலுக்குவேன்.
சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பாள்
எத்தனை மிச்சம் என்று.

ஏழாம் நம்பர் மலையில் முப்பத்தொரு வருஷம்
ஏறினதில் தேய்ந்ததா இறங்கினதில் தேய்ந்ததா
எனக்கே தெரியாது.
இந்தத் திகதிக்குப் பதினாலு மாதம் காத்திருந்தேன்.
வலது முழங்கால், நாளைக் காலை, இரண்டாவது ஆள்.
காலில் பேனையால் அம்புக்குறியும் போட்டாயிற்று.

பின்னேரம் சாப்பாட்டுக்குப் பிறகு
நாலு போத்தலையும் எடுத்து வரிசையாக வைத்தேன்.
பக்கத்துக் கட்டில் மெனிக்கே அக்கா
எட்டிப் பார்த்தார்.
நல்லதா என்று கேட்டார்.
மகள் அனுப்பினது என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.
மிஸ் திரும்பிப் பார்த்தார்.

சின்ன டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ்.
ஒவ்வொரு போத்தலாக வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.
இது ரத்தத்தை உறைய விடாது அம்மா.
இதுவும்.
இதுவும் அப்படித்தான்.
கடைசியா எப்ப எடுத்தனீங்கள்?
இப்பதான் என்றேன்.

தராசடியில் நின்ற ஞாபகம் வந்தது.
கூடைக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ,
எதற்கென்றே சொல்லாமல் இன்னொன்று.
அன்றைக்கெல்லாம் கழித்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.
இவர் பார்த்தார்.
அதனால் கோபப்படவும் முடியவில்லை.

ரெண்டு கிழமைக்கு எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ.
இரும்புச்சத்துக் குளிசை நான் எழுதித் தாறன்,
அதை மட்டும் விடாதேங்கோ.

என் இடம் மெனிக்கே அக்காவுக்குப் போனது.
அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு
ஏதோ சொன்னார், பாதிதான் விளங்கியது.
கினிகத்தேனை வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம்
காலில் இருந்த அம்புக்குறியை
சேலையால் மூடிக்கொண்டேன்.

லோகேஸ்வரியிடம் சொல்லவில்லை.
ஒப்பரேசன் தள்ளிப் போட்டிருக்காங்க,
டாக்டருக்கு லீவு என்றேன்.
குடிச்சியாம்மா?
குலுக்கினேன்.
மூன்றாம் நாள் புரிந்தது,
குடிக்காத போத்தல் ஒரே சத்தம்தான் போடும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும்
எட்டேகாலுக்கு
போத்தலுக்கு ஒன்றாக எடுத்து
மைலோ டின்னில் போட்டேன்,
பிந்திப்போன நாட்களுக்கும் சேர்த்து.
சத்தம் ஒழுங்காக மெலிந்துகொண்டு வந்தது.
அவள் சந்தோஷப்பட்டாள்.
முடியப்போகுதே, அடுத்த மாசம் அனுப்புறேன் என்றாள்.
வேண்டாம் என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பவும் கண்டி. அதே வார்ட்.
ஜன்னலோரம் மெனிக்கே அக்கா
இரும்புச் சட்டத்தைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தார்.

வேறென்ன பாவிக்கிறீங்க?

மைலோ டின்னை மேசையில் வைத்தேன்.
ஐம்பத்தாறு இருக்கும் மிஸ், எண்ணிப் பாருங்க.
இப்ப குடிக்கிறதில்ல. ஆனா எழுதிக்கொள்ளுங்க,
மீன், பூண்டு, இறால், மஞ்சள்,
கட்டாரில் மகள்.

தில்ருக்ஷி மிஸ் எழுதினார்.
அந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது.
என் பெயரைவிட நீளமாக இருந்தது.